ஐந்தாம் கதவு

1989 மே 4, வியாழன்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. முற்றம் முழுக்கப் புழுதி. சன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் கீபோர்ட்டில் மணல்.

பழைய யந்திரம் நின்றுவிட்டது. நேற்றுப் பின்னேரம். சிறிய பச்சைத் திரை ஒரு கோடாகி, கோடு புள்ளியாகி, பிறகு ஒன்றுமில்லை. மூடியைக் கழற்றினேன். உள்ளே உப்புப் பூத்திருக்கிறது. ஐந்து வருடம் நயினாதீவுக் காற்றைக் குடித்த யந்திரம்.

நல்ல வேளை. புரோகிராமையும் அதில் எழுதுபவர் சேர்த்து வைத்த சொற்களையும் அதற்கு முன்பே கேபிள் போட்டு என்னுடைய யந்திரத்துக்கு இழுத்துவிட்டேன்.

கொண்டுவந்தவர் பவானி அக்கா, போன மாதம், திரை அடிக்கடி இருளுகிறதென்று. பழஞ்சேலையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, படகிலும் பஸ்ஸிலும் வேலணையில் என் வீடு வரை. பட்டணத்தில் நான் சனிக்கிழமைகளில் படிப்பித்த கொம்பியூட்டர் வகுப்பைத் தேடித்தான் முதலில் போயிருக்கிறார். வகுப்பு மூடியாகிவிட்டது. நடத்தியவர் கனடா போகும்போது ஒரு யந்திரத்தை என்னிடம் விட்டுப் போனார் என்று ஆரோ சொல்லியிருக்கிறார்கள்.

"தம்பி கதைக்கிறது உதிலைதான் பிள்ளை," என்றார். கதிரையைக் காட்டினேன். கடைசிவரை அவர் அதில் இருக்கவில்லை.

தம்பி: குகன். முப்பத்தொரு வயது. 83 கலவரத்தில், தெற்கில் அவர்களுடைய கடையின் மேல்மாடியிலிருந்து குதித்தவர். கீழே எரிந்துகொண்டிருந்தது. இப்போது கட்டில். அசைவது வலது கை நடுவிரல் மட்டும். பேச்சு இல்லை. விரலுக்கடியில் ஒரு கோலிங் பெல் ஆளி, அதாவது சுவிட்ச். திரையில் எழுத்துக் கட்டங்கள், அவற்றின் மேல் ஒரு வெளிச்சம், முதலில் வரிசை வரிசையாக, பிறகு கட்டம் கட்டமாக, நடந்து போகும். வேண்டிய எழுத்துக்கு வரும்போது ஆளியை அமத்த வேண்டும். ஆங்கில எழுத்தில் தமிழ். லண்டனில் இருக்கும் தமையன் அவருக்காகவே எழுதி அனுப்பிய புரோகிராம்.

யந்திரம் இங்கே வந்த நாளிலிருந்து அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

செய்ய வேண்டியவை: ஒன்பதாம் வகுப்புக் கணித வினாத்தாள். மண்ணெண்ணெய். அம்மாவுக்குக் கடிதம் (கொழும்புக்கு வரச் சொல்லிக் கேட்டதற்குப் பதில். என்ன பதில்?). புரோகிராம்.

மே 5, வெள்ளி

புதிதாகவே எழுதித் தரலாம் என்று முதலில் சொன்னேன். இரண்டு கிழமை வேலை, பழையதைவிட அழகாக வரும். பவானி அக்கா வீட்டுக்குப் போய்த் தம்பியைக் கேட்டுக்கொண்டு இன்று திரும்ப வந்தார்.

"கேட்டனான். கண்ணை மூடேல்லை."

"மூடினால்?"

"மூடினால் ஓம். திறந்தபடி பாத்தால் வேண்டாம். முழுசிக்கொண்டெல்லோ கிடக்கிறான்."

தமையனுக்கும் போன மாதமே எழுதிக் கேட்டிருந்தார்கள். மூலப் பிரதி அவரிடம் இல்லை, எங்கே போட்டதென்று நினைவும் இல்லை. பழையதை எறியுங்கோ, வசதிப்படும்போது வேறொன்று அனுப்புகிறேன் என்று பதில்.

ஆகவே பழைய புரோகிராம் அப்படியே, புதிய யந்திரத்தில். அதற்குத் தான் இடம் மாறியது தெரியக்கூடாது.

பழைய சிஸ்ரத்தில் ஒரு புரோகிராம் எதைக் கேட்பதானாலும் ஐந்தாம் முகவரிக்குப் போகும். ஒரு கதவு போல. கையில் ஓர் எண். இரண்டு என்றால், இந்த எழுத்தைத் திரையில் போடு. ஒன்பது என்றால், இந்த வரியைப் போடு. பதினொன்று என்றால், ஆராவது தட்டினார்களா, பார்த்துச் சொல். கதவுக்குப் பின்னால் நிற்பவர் செய்து கொடுக்க வேண்டும். புதிய சிஸ்ரத்திலும் ஐந்தாம் கதவை விட்டு வைத்திருக்கிறார்கள், பழைய ஆட்கள் வந்தால் தட்டட்டும் என்று. ஆனால் புதிய யந்திரத்துக்குப் பழையதன் பேச்சே விளங்காது. ஒவ்வொரு சொல்லாக வாங்கி மாற்றிச் சொல்ல நடுவில் ஓர் ஆள் வேண்டும்.

அந்த நடு ஆளைத்தான் எழுதுகிறேன். பெயர் வைத்துவிட்டேன்: துபாஷ், இரண்டு பேச்சும் தெரிந்தவன்.

மே 7, ஞாயிறு

காலை ஆறிலிருந்து எழுத்து. பாணும் வாழைப்பழமும். எவரோடும் பேசவில்லை. இல்லை, பிழை. தண்ணீர் அள்ளும்போது பக்கத்து வீட்டு மலர் அக்கா வேலிக்கு மேலால்:

"என்ன ரீச்சர், பெட்டியோட குடித்தனமோ?"

"ஓம் அக்கா. சமைக்கக் கேக்காது."

"அது நல்ல மாப்பிள்ளைதான்." பிறகு குரலைத் தாழ்த்தி: "அம்மா ஆக்கள் இனி வரமாட்டினமோ?"

வாளி கனம் என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன்.

புரோகிராம் கதவைத் தட்டும்போதெல்லாம் என்ன எண் கேட்கிறது என்று எழுதி வைக்கும்படி துபாஷுக்குச் சொன்னேன். பார்த்தால் பதினொன்று, பதினொன்று, பதினொன்று. திரை நிறைந்து வழிய. ஆராவது தட்டினார்களா. இல்லை. தட்டினார்களா. இல்லை. வெளிச்சம் ஒரு கட்டத்தில் நிற்கும் அந்தச் சிறு நேரத்துக்குள் இத்தனை தரம்.

அணைத்துவிட்டுப் போய் முகம் கழுவினேன்.

மே 10, புதன்

நடக்கிறது! ஆனால் ஆமை. துபாஷ் ஒவ்வொரு சொல்லாக மாற்றிச் சொல்வதால் வெளிச்சம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் நான் தேத்தண்ணி ஊற்றிவிடலாம். பழைய புரோகிராமில் சும்மா எண்ணிக்கொண்டு காத்திருக்கும் இடம் எங்கே என்று தேட வேண்டும். அதைத் தூக்கிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்துக் காத்திருக்கச் செய்யலாம்.

பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. அதிபர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நீங்களும் போறதெண்டால் முன்கூட்டிச் சொல்லுங்கோ." நான் போவதாக ஆர் சொன்னது?

மே 12, வெள்ளி

காத்திருக்கும் இடம் அகப்பட்டது. வெளிச்சத்தை இப்போது எந்த வேகத்திலும் நடத்தலாம். எந்த வேகத்தில் என்பதுதான் தெரியவில்லை. பழையதை அளந்து வைக்காமல் விட்டேன். இனி அளக்க அது இல்லை.

இன்னொரு குறையையும் திருத்திவிட்டேன். பழையதில் ஆளியிலிருந்து விரலை எடுக்காமல் அமத்திப் பிடித்தால், அமத்தல்கள் வரிசையில் குவிந்து, இடம் நிரம்பி, யந்திரம் கீச்சென்று கத்தும். விடும்வரை கத்தும். இங்கே கிடந்த நாட்களில் இரண்டு தரம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. துபாஷ் இனி மிதமிஞ்சிய அமத்தல்களைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். சின்ன வேலை, ஆனால் சுத்தமாக வந்திருக்கிறது. நீண்ட நாளைக்குப் பிறகு எனக்கே என்னைப் பிடித்தது.

நாளை என் யந்திரத்தைக் கொண்டுபோக வேண்டும். தமையன் வேறொன்று அனுப்பும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லியாகிவிட்டது. மேசையில் அது இல்லாத இடத்தை இப்போதே பார்த்துப் பார்த்துப் பழகுகிறேன்.

மே 13, சனி

திரைப்பெட்டியைத் தலையணைகளுக்கு நடுவில் வைத்து மெத்தை உறையில் கட்டினேன். குறிகட்டுவான் படகுத்துறை வரை பஸ்ஸில் என் மடியில். துறையடியில் இந்தியச் சிப்பாய் அவிழ்க்கச் சொன்னான். தமிழ் தெரிந்தவன், மதுரைப் பக்கமாம்.

"என்னம்மா, டிவியா?"

"இல்லை. கதைக்கிற பெட்டி."

"கதை சொல்லுமா?"

"ஒருவருக்குப் பதிலாய்ப் பேசும்."

என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு விட்டான். படகுக்காரர் விடவில்லை. "ரீச்சர், திருவிழாவுக்கு வீடியோப் படமோ? ஆர் நடிச்ச படம்?" படகு முழுக்கச் சிரிப்பு. அலை பக்கவாட்டில் அடித்தது. ஆரோ ஒரு மனிதர் கேட்காமலே தன் சறத்தைச் செருகிக்கொண்டு வந்து பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். இறங்கும்வரை விடவில்லை. பெயர் கேட்கவில்லை.

குகனை இதற்கு முன் பார்த்ததில்லை. மெலிந்த முகம், மிக நேர்த்தியாக மழித்திருந்தது. கண்கள் நான் கம்பி பூட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தன. தீவில் மின்சாரம் பின்னேரம் ஐந்திலிருந்து பத்துவரைதான். லைற் வந்தது. துபாஷ். கட்டங்கள். வெளிச்சம் நடந்தது.

விரல் அசைந்தது. முதல் எழுத்துக்கு முழு அறையும் காத்திருந்தது.

*கிழவனாகிவிடுவன்.*

பவானி அக்கா வாசித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்கு ஓடிவிட்டார். தம்பிக்காக ஆங்கில எழுத்துப் படித்த மனுசி. நான் வேகத்தைக் கூட்டினேன்.

*இது ஓட்டப் பந்தயம்.*

குறைத்தேன். இல்லை. கூட்டினேன். இல்லை. அவரால் எது சரி என்று சொல்ல முடியவில்லை. சரியில்லை என்று மட்டும் தெரிகிறது. பிறகு அவர் எழுதினார்: *நான் கண்ணை மூடுறன். நீர் பாரும்.*

கண்ணை மூடிக்கொண்டு, திரையைப் பார்க்காமல், தன் தாளத்துக்கு அமத்திக்கொண்டு போனார். வரிசை, கட்டம், வரிசை, கட்டம். வந்த எழுத்துகள் எல்லாம் பிழை. ஆனால் பிழை ஒரே அளவாக விலகிப் போனது. அந்த விலகலைக் கொண்டு கணக்குப் போட்டேன். திருத்தினேன். மறுபடி கண்ணை மூடினார்.

திரையில்: *ரீச்சர்*

ஐந்து வருடத் தாளம் அந்த ஒரு விரலில் பிசகாமல் இருந்திருக்கிறது.

மே 14, ஞாயிறு

அக்காவின் அறையில் படுத்தேன். காலையில் புட்டும் சம்பலும். மதியம் முழுக்க மின்சாரம் இல்லை, ஆகவே அவரிடம் கதை இல்லை. நான்தான் கதைத்தேன். எவ்வளவு கதைத்தேன் என்று நினைக்க வெட்கம். கம்பஸ் மூடிய கதை, அம்மா, மூடிக் கிடக்கும் எங்கள் வீட்டு அறைகள். அவர் கண்ணை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

ஐந்துக்கு லைற் வந்ததும் கேட்டேன்: "குகன் அண்ணை, புதுசு ஏன் வேண்டாமெண்டனீங்கள்?"

எழுதி முடிய நிறைய நேரம். கடைசிப் படகைத் தவறவிடுவேன் என்று அக்கா வாசலில் நின்றார்.

*இதை எழுதேக்கை அண்ணை முழு நேரமும் என்னைத்தான் நினைச்சிருப்பான். இனி அவனுக்கு நேரமில்லை.*

படகில் வரும்போது யோசித்தேன். போன பத்து நாளும் நான் ஆரை நினைத்துக்கொண்டிருந்தேன்? பழைய யந்திரத்தைத்தான். உண்மையைச் சொன்னால் அதுதான்.

மே 17, புதன்

மேசை வெறுமை. தூசியில் கீபோர்ட்டின் செவ்வகம்.

வினாத்தாள் திருத்தி முடிந்தது. சிவாஜினிக்கு 91. அவளும் அடுத்த கிழமை போகிறாளாம், அக்காவிடம், பாரிசுக்கு.

கடிதம் இன்னும் எழுதவில்லை. "அன்புள்ள அம்மா, இங்கே எல்லாம் வழக்கம்போல" வரை.

மே 20, சனி

பத்து மணிக்கு மேல், விளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன், எழுத்துக்கு மன்னிக்கவும். ஆரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்?

எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் நயினாதீவுக்கு வந்தேன். குகனின் முகம் வீங்கியிருந்தது. கண் இமை, காது, கழுத்து எங்கும் சிவப்புத் தடிப்புகள். தேங்காய் எண்ணெய் பூசியிருந்தார்கள்.

வியாழன் பின்னேரம். சீனித் தேத்தண்ணி வாயோரம் வழிந்து தலையணையில் ஊறியிருக்கிறது. பவானி அக்கா பின்னால் குசினியில், கிழங்கு மா இடித்துக்கொண்டு. வெளியே காற்று. சிவப்பெறும்பு கட்டில் காலால் ஏறியிருக்கிறது.

"முந்தியெண்டால் கூவுமே பிள்ளை," என்றார் அக்கா. "நான் கிணத்தடியிலை நிண்டாலும் கேக்கும். விரலை எடாமல் பிடிச்சானெண்டால் கீச்செண்டு கூப்பிடும். உதுவும் கூப்பிடுமெண்டுதானே நான் போய் இடிச்சுக்கொண்டிருந்தனான்."

எண்ணெயைத் தொட்டுத் தம்பியின் கழுத்தில் பூசிக்கொண்டே தொடர்ந்தார்.

"சாப்பாடு கொண்டு வரேக்கைதான் பாக்கிறன். திரை முழுக்க…"

திரையை அணைக்கவில்லையாம், பத்து மணிக்கு மின்சாரம் தானாகப் போகும்வரை. அக்கா அப்படியே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். மேலிருந்து கீழ்வரை ஒரே சொல். அக்கா அக்கா அக்கா அக்கா. ஒவ்வொரு எழுத்தையும் வெளிச்சம் வரும்வரை காத்திருந்து, முகத்தில் எறும்போடு, பிழையில்லாமல்.

முதலில் அமத்திப் பிடித்துத்தான் பார்த்திருப்பார். எவ்வளவு நேரம் பிடித்தாரோ. துபாஷ் விழுங்கிக்கொண்டிருந்திருக்கும். சத்தமில்லாமல். சுத்தமாக.

"அது நான் எடுத்துவிட்டது அக்கா," என்றேன். "பிழையெண்டு நினைச்சு."

அவர் விளங்காமல் பார்த்தார். "என்ன பிழை?"

லைற் வந்தது. குகன் எழுதியது: *எறும்புக்கு வாசிக்கத் தெரியாது.* சிரிக்க வைக்கத்தான். எனக்கு வரவில்லை.

"ஏன் முதலே சொல்லேல்லை, இது கூப்பிடுற சத்தமெண்டு?"

*நீர் கேக்கேல்லை. அது போகுமெண்டு நான் நினைக்கவுமில்லை.*

மே 21, ஞாயிறு (நயினாதீவு, காலை)

சனி பின்னேரமே திருத்தத் தொடங்கினேன். விழுங்கும் வரிகளை எடுத்தேன். வரிசையில் பழைய அளவுக்கே இடம் வைத்தேன், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நிரம்பினால் கத்து. வேண்டுமென்றே ஒரு குறையை, இருந்தபடியே, செய்துவைப்பது புது அனுபவம். சரியானதைச் செய்வதைவிடக் கவனம் வேண்டியிருக்கிறது.

சத்தம் வந்தது. அக்காவைக் குசினிக்குப் போகச் சொன்னேன். குகன் அமத்திப் பிடித்தார்.

அக்கா வரவில்லை. கூப்பிட்டேன்.

"கேட்டதே அக்கா?"

"கேட்டது. ஆனால் அது இவன் இல்லை."

"ஏன்?"

"வேறை ஆரோ கூப்பிடுற மாதிரிக் கிடக்கு. இவன்ரை கொஞ்சம் மூக்கால வரும்."

சுருதியை ஏற்றினேன். "சின்னப் பிள்ளை." இறக்கினேன். "கப்பல்." குகனின் விரல் அமத்தியது, விட்டது, அமத்தியது. கண்ணோரம் சிரிப்பு. பழையதில் இரண்டு சத்தம் உரசுவது போல ஒரு அதிர்வு இருந்தது என்று எனக்கும் நினைவு வந்தது. இரண்டு சுருதிகளை மாறி மாறி மிக விரைவாக அடிக்கச் செய்தேன்.

உலக்கைச் சத்தம் நின்றது. அக்கா வாசலில் வந்து நின்றார். கையெல்லாம் மா.

"ஓம்," என்றார். "தம்பி."

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார். ஆனால் நான் அந்த முகத்தைப் பார்த்தேன். ஒருவரை ஒருவர் சத்தத்தில் அடையாளம் காண்பது. ஒரு கோளாறின் சத்தத்தில்.

எங்கள் வீட்டில் நான் கத்தினால் இப்போது ஆருக்குத் தெரியும் அது நான் என்று?

மே 24, புதன்

வேலணை. அம்மாவுக்கு எழுதினேன். "இங்கே ஒரு வேலை இருக்கிறது, முடிய வருகிறேன்." உறையை ஒட்டவில்லை. வேலை முடிந்துவிட்டதே.

முற்றம் கூட்டினேன். காற்று மறுபடி கொண்டுவந்து போட்டது. சும்மா இருந்தேன். தட்டினார்களா. இல்லை.

மலர் அக்கா: "எங்கை உம்மடை மாப்பிள்ளை? பெட்டியைக் காணேல்லை."

"நயினாதீவிலை வேலை அக்கா."

"கொழும்பெண்டால் பரவாயில்லை, உதிலை கிடக்கிற நயினாதீவிலையோ! சம்பளமாவது வருமோ?"

மே 28, ஞாயிறு (நயினாதீவு)

கடைசியாக ஒரு தரம் எல்லாம் பார்த்துவிட வந்தேன். டிஸ்க்கில் இரண்டு பிரதி, ஒன்று மெழுகுத் துணியில் சுற்றி அலுமாரியில். உப்புக்காகத் திரைப்பெட்டிக்கு அக்கா ஒரு உறை தைத்திருக்கிறார், பூப்போட்டது. கட்டில் கால்களுக்குச் சிரட்டையில் தண்ணீர்.

ஐந்துக்கு லைற் வந்தது. வேகம் சரி. சத்தம் சரி. "இனி நான் வரத் தேவையில்லை," என்று சொன்னேன். வேலையைப் பற்றிச் சொன்னதாகத்தான் நினைத்தேன். குகன் என்னைப் பார்த்தார். கண்ணை மூடவில்லை.

கடைசிப் படகு ஐந்தரைக்கு. பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். துறைக்குப் போகும் ஒழுங்கையில் பாதித் தூரம். துறையில் ஆட்கள் ஏறுவது தெரிந்தது.

சத்தம். மூக்கால் வருகிற அந்தச் சத்தம். நின்றேன். அக்கா வீட்டில்தானே, போவார். நடந்தேன்.

மறுபடி. இப்போது துண்டு துண்டாக. இரண்டு. நிறுத்தி, இரண்டு.

வேலிக்கு மேலால் அக்காவின் தலை, கையில் அகப்பை. "பிள்ளை! உம்மையாக்கும். எனக்கெண்டால் ஒரே நீட்டு. உப்பிடி இவன் ஒருநாளும் கூப்பிட்டதில்லை."

ஓடினேன். எறும்பா, மூச்சா, துபாஷ் எங்காவது பிழைத்துவிட்டதா. செருப்பு ஒன்று ஒழுங்கையிலேயே கழன்றுபோனது.

தலையணை காய்ந்திருந்தது. முகத்தில் ஒன்றுமில்லை. திரையில்:

*ஒண்டுமில்லை. கூப்பிட்டால் வருவீரோ எண்டு பாத்தனான்.*

துறையில் படகு ஊதியது.

"வந்திட்டன்," என்றேன். மூச்சு வாங்கியது.

கதிரையை இழுத்துப் போட்டேன்.